கடையை மூடுவதா, குவளையை அளப்பதா? கேரளத்தின் மதுக் கொள்கை கேட்க மறந்த கேள்வி

திருவனந்தபுரம்: ஒவ்வோர் ஓணத்தின்போதும் கேரளத் தலைநகரில் இருந்து ஓர் எண் வெளியாகும். பண்டிகைக்கு முந்தைய பத்து நாள்களில் மாநில அரசின் மதுபானக் கழகமான 'பெவ்கோ' எத்தனை கோடி ரூபாய்க்கு மது விற்றது என்பதே அந்த எண். 2024-இல் அது சுமார் 776 கோடி ரூபாய். 2025-இல் சுமார் 826 கோடி ரூபாய். திருவோணத்துக்கு முந்தைய நாளான உத்திராடத்தில் மட்டும் 2025-இல் 137 கோடி ரூபாயைத் தாண்டியது விற்பனை. தொலைக்காட்சிகள் இதைச் சாதனை என்று அறிவிக்கின்றன. எதிர்க்கட்சியினர் வேதனை என்கின்றனர். இரண்டு மூன்று நாள்களில் பேச்சு அடங்கிவிடுகிறது. அடுத்த ஓணத்துக்கு அடுத்த எண்.

அந்த எண் எதைச் சொல்கிறது என்பதைக் காட்டிலும் எதைச் சொல்லவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. கேரளத்தில் வெளிநாட்டு ரக மதுவின் மீதான விற்பனை வரி 251 விழுக்காடு. 2023-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் 500 ரூபாய்க்கு மேற்பட்ட பாட்டிலுக்கு 20 ரூபாயும், 1,000 ரூபாய்க்கு மேற்பட்டதற்கு 40 ரூபாயும் சமூகப் பாதுகாப்பு மேல்வரியாகச் சேர்க்கப்பட்டது. விலை ஏறும்போது விற்பனைத் தொகையும் ஏறும். எத்தனை பேர் குடித்தார்கள், ஒருவர் ஒரே அமர்வில் எவ்வளவு குடித்தார் என்ற கேள்விகளுக்கு ரூபாய்க் கணக்கில் விடை இல்லை.

விடை ஓரளவு வேறிடத்தில் உள்ளது. 2019-21 காலத்தில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, கேரளத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் மது அருந்துவோர் 19.9 விழுக்காட்டினர். பெண்களில் 0.2 விழுக்காட்டினர். தேசிய அளவில் ஆண்களில் இது சுமார் 19 விழுக்காடு; தமிழ்நாட்டில் 25.4 விழுக்காடு. கணக்கெடுப்பவரிடம் எல்லோரும் உண்மையைச் சொல்லியிருப்பார்கள் என்று நம்ப வேண்டியதில்லை. ஆயினும், குடிகாரர்களின் மாநிலம் என்று கேலி பேசப்படும் கேரளத்தில் ஐந்தில் நான்கு ஆண்கள் தாங்கள் குடிப்பதில்லை என்கிறார்கள் என்பது சிறிய செய்தி அல்ல. அப்படியானால் அந்த 826 கோடி ரூபாயின் சுமை சிறிய பகுதியினர் மீதே விழுகிறது. மாநிலத்தின் மதுச் சிக்கல் குடிப்போர் எண்ணிக்கையில் இருப்பதைவிட, ஒருவர் ஒரே மூச்சில் குடித்துத் தீர்க்கும் அளவில் இருக்கிறது.

ஊசல் ஆடிய கொள்கை

மதுவை எதிர்த்த குரல்கள் இம்மண்ணுக்குப் புதியவை அல்ல. திருவனந்தபுரம் மாவட்டம் வர்க்கலையில் சமாதி கொண்டுள்ள ஸ்ரீநாராயண குரு, கள் இறக்குவதைத் தொழிலாகக் கொண்டிருந்த தம் சமூகத்தாரிடமே ஒரு நூற்றாண்டுக்கு முன்பு மதுவைத் தயாரிக்கவும் வேண்டாம், பருகவும் வேண்டாம் என்று வலியுறுத்தினார். கோயில் கூட்டங்களிலும் தேவாலயப் பிரசங்கங்களிலும் அந்தக் குரல் இன்றும் ஒலிக்கிறது.

அரசின் கொள்கையோ ஊசல் போல ஆடியது. 1996 ஏப்ரல் 1 முதல் சாராயத்தைத் தடை செய்தது ஏ.கே. அந்தோணி அரசு. 2014-இல் உம்மன் சாண்டி அரசு ஒரு படி மேலே சென்று, ஐந்து நட்சத்திர விடுதிகள் தவிர மற்ற மதுக்கூடங்களை மூட முடிவெடுத்தது. ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வீதம் பெவ்கோ கடைகளையும் மூடி, பத்தாண்டுகளில் முழு மதுவிலக்கை எட்டுவதாக அறிவித்தது. 2015 டிசம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கொள்கையை உறுதி செய்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட மதுக்கூடங்கள் மூடப்பட்டன. அவற்றில் பல பீர், ஒயின் நிலையங்களாகப் பெயர் மாற்றம் பெற்றன. 2016-இல் ஆட்சி மாறியது. 2017 ஜூனில் பினராயி விஜயன் அரசு மூன்று நட்சத்திரத் தகுதியும் அதற்கு மேலும் உள்ள விடுதிகளுக்கு மீண்டும் அனுமதி அளித்தது. மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 21-இல் இருந்து 23 ஆனது. மதுவிலக்கு அல்ல, மதுத் தவிர்ப்பே இலக்கு என்று கூறி 'விமுக்தி' என்னும் விழிப்புணர்வு இயக்கமும் தொடங்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளில் மதுக்கூடங்களின் எண்ணிக்கை எண்ணூறைத் தாண்டியது.

மூடினாலும் திறந்தாலும் விவாதம் கடைக் கதவோடு நின்றுவிட்டது. கதவுக்கு வெளியே வந்த மனிதர் கையில் இருக்கும் பாட்டிலை எப்படி, எவ்வளவு நேரத்தில், யாருடன் காலி செய்கிறார் என்பது எந்த அரசின் கொள்கை ஆவணத்திலும் முதன்மை பெறவில்லை.

ஒரு குவார்ட்டரின் கணக்கு

இந்தியாவில் விற்கப்படும் பிராந்தி, ரம், விஸ்கி ஆகியவற்றில் ஆல்கஹால் அளவு பெரும்பாலும் 42.8 விழுக்காடு. அதில் 30 மில்லி, அதாவது ஒரு 'ஸ்மால்', ஏறத்தாழ 10 கிராம் தூய ஆல்கஹாலைக் கொண்டது. உலக சுகாதார நிறுவனம் ஓர் அலகு என்று கணக்கிடுவதும் இந்தப் பத்துக் கிராமைத்தான். எளிதில் நினைவில் நிற்கும் கணக்கு இது: ஒரு ஸ்மால், ஓர் அலகு.

இப்போது 180 மில்லி பாட்டிலை எடுத்துக்கொள்வோம். அதில் ஆறு ஸ்மால், ஆறு அலகு, 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் 'கடுங்குடி அமர்வு' என்ற வகையில் வைக்கிறது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 'ஒரு குவார்ட்டர்தானே' என்று சாதாரணமாகச் சொல்லப்படும் அளவும், கல்லீரல், இதயம், சாலை விபத்து ஆகியவற்றின் அபாயத்தை அளக்க மருத்துவ உலகம் வகுத்த எல்லைக்கோடும் ஒன்றாகவே இருக்கின்றன. குடிப்பவர் எவரும் அதைத் தீவிரமான குடியாக எண்ணுவதில்லை. பாட்டில் அந்த அளவில் வருகிறது, முடிப்பது இயல்பாகிவிடுகிறது.

பீரைக் குறித்த நம்பிக்கை இன்னும் தவறானது. 8 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 'ஸ்ட்ராங்' பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 41 கிராம் ஆல்கஹால் உண்டு. நான்கு ஸ்மாலுக்குச் சமம். 'வெறும் பீர்தான்' என்று இரண்டு பாட்டில் முடித்தவர், குவார்ட்டர் முடித்தவரை விஞ்சிவிடுகிறார். கள்ளும் விதிவிலக்கல்ல, காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்து வலுவேறும். கேரள அரசு நிறுவனமான திருவல்லா டிராவன்கூர் சர்க்கரை ஆலை தயாரிக்கும் 'ஜவான்' ரம் ஒரு லிட்டர் பாட்டிலில் வருகிறது. அதில் அடங்கியவை ஏறத்தாழ 34 அலகுகள்.

எவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்ற கேள்விக்கு விடை சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆல்கஹாலைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே சேர்த்துவிட்டது. எந்த அளவும் முற்றிலும் பாதுகாப்பானதல்ல என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இருந்தும், குடிப்பவர்களுக்கு வழிகாட்டச் சில நாடுகள் எல்லை வகுத்துள்ளன. பிரிட்டனின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்துக்கு 112 கிராமுக்கு மேல் வேண்டாம், அதையும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நாள்களில் பரவலாக்குங்கள் என்கிறது. அதாவது வாரம் இரண்டு குவார்ட்டர் குடிப்பவர் அந்த எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டார். கனடாவில் 2023-இல் வெளியான வழிகாட்டுதலின்படி குறைந்த அபாயம் என்பது வாரத்துக்குச் சுமார் 27 கிராம். அரை குவார்ட்டருக்கும் குறைவு.

நின்றபடியே முடித்துவிடும் பழக்கம்

கேரளத்தில் மதுவைப் பொது இடத்தில் அருந்துவது குற்றம். கொல்லம் ஆண்டு 1077-இல், அதாவது 1902-இல், இயற்றப்பட்ட அப்காரிச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 15-சி பிரிவு அதைத் தடுக்கிறது. பெவ்கோ கடைகளிலும் அமர்ந்து குடிக்க இடமில்லை. சட்டத்தின் நோக்கம் நியாயமானது; பெண்களும் குழந்தைகளும் நடக்கும் தெருவில் மதுக்கூட்டம் கூடக் கூடாது. ஆனால் வீட்டில் குடிக்க முடியாதவர், மதுக்கூடத்தின் விலையைக் கொடுக்க இயலாதவர் என்ன செய்கிறார்? சந்தின் மறைவிலோ ஆட்டோவின் பின்னிருக்கையிலோ இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, காவலர் வருவதற்குள் முடித்துவிடுகிறார். தண்ணீர் கலப்பது பெயருக்குத்தான், உணவு இல்லை. ஐந்து நிமிடத்தில் 30 கிராம் உள்ளே செல்கிறது.

ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஓர் அலகை மட்டுமே உடல் கழிக்கும். ஒரு குவார்ட்டரை முழுவதுமாகக் கழிக்க ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். வெறும் வயிற்றில் ஆல்கஹால் விரைந்து சிறுகுடலை அடைந்து இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே ஒரே அளவு மதுவானாலும், இரவு உணவோடு இரண்டு மணி நேரத்தில் பருகுவதற்கும் நின்றபடியே விழுங்குவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. இதே இக்கட்டைத் தமிழ்நாடு வேறு கோணத்தில் பேசியது. 2023 ஜூலையில் மதுவிலக்குத் துறை அமைச்சர் சு. முத்துசாமி, 180 மில்லியைப் பகிர்ந்துகொள்ள 'கட்டிங்' கூட்டாளிக்காகப் பலர் கடை வாசலில் காத்திருப்பதைச் சுட்டிக்காட்டி, 90 மில்லி அட்டைப் பொதிகள் குறித்த யோசனையை முன்வைத்தார். கடும் எதிர்ப்பு எழுந்தது. பள்ளி மாணவன் சட்டைப் பையில் மறைத்துக்கொள்வான் என்ற அச்சம் வெறும் அரசியல் அல்ல. 90 மில்லிப் பொதிகள் புழங்கும் கர்நாடகத்தை அறிந்தவர்களுக்கு அது புரியும். ஆயினும் அமைச்சர் தொட்ட இடம் சரியான இடமே. பாட்டிலின் அளவு, குடியின் அளவைத் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தில் 21 மதுக்கூடங்களில் ஒயினின் மிகப் பெரிய கோப்பையை மட்டும் நான்கு வாரங்களுக்கு நீக்கிப் பார்த்த கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், விற்ற ஒயினின் அளவு 7.6 விழுக்காடு குறைந்ததாக 2024-இல் தெரிவித்தனர். யாருக்கும் உபதேசம் செய்யப்படவில்லை, கோப்பைதான் சிறியதானது.

மாதத்தின் முதல் தேதி கேரளத்தில் 'உலர் நாள்'. சம்பளப் பணம் வீடு சேர வேண்டும் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். ஆனால் மாதக் கடைசியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் உருவாகிவிட்டது. உத்திராடத்தன்று விற்பனை உச்சம் தொடுவதற்கும் ஒரு காரணம், திருவோணத்தன்று பெவ்கோ கடைகள் மூடியிருக்கும் என்பதே. தலைநகரில் இருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள களியக்காவிளை எல்லையைத் தாண்டினால் டாஸ்மாக்குக்கு முதல் தேதி உலர் நாளும் அல்ல. போதாக்குறைக்கு 2025-26 மதுக் கொள்கையில், மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள விடுதிகளில் திருமணம், மாநாடு போன்ற நிகழ்ச்சிகளுக்காக முதல் தேதியிலும் சிறப்பு அனுமதி பெற வழி செய்யப்பட்டது. சம்பளக்காரரைக் காக்க வந்த விதி, அவருக்கு மட்டுமே பொருந்தும் விதியாக மெலிந்து நிற்கிறது.

வீட்டில் தொடங்கும் கட்டுப்பாடு

அரசு வகுக்கும் உலர் நாளைவிடத் தானே வகுத்துக்கொள்ளும் உலர் நாளுக்கு வலிமை அதிகம். குறைக்க விரும்பும் ஒருவர் முதலில் செய்ய வேண்டியது, தான் உண்மையில் எவ்வளவு குடிக்கிறார் என்பதை அறிவதே. கண்ணளவில் ஊற்றும் 'ஒரு பெக்' பெரும்பாலும் 30 மில்லி அல்ல. எவர்சில்வர் டம்ளரில் அது 60-ஐயும் 80-ஐயும் தொடும். மருந்துப் பாட்டிலோடு வரும் அளவு மூடியே போதுமானது. இரண்டு வாரங்களுக்கு, நாள்காட்டியில் ஒவ்வொரு தேதியின் கீழும் அலகுகளின் எண்ணிக்கையைக் குறித்து வந்தால், எந்த நாள்களில், யாருடன் இருக்கும்போது அளவு தாண்டுகிறது என்பது கண்முன் தெரிந்துவிடும். பலருக்கு அந்தப் பட்டியலே முதல் அதிர்ச்சி.

அடுத்தது, வீட்டில் இருப்பு வைக்காமல் இருப்பது. முழு பாட்டிலாக வாங்கினால் மில்லிக்கு விலை குறைவு என்ற கணக்கு கடைக்காரருக்கு லாபம். அன்றைக்குத் தீர்மானித்த அளவுக்கு மேல் கையில் இல்லாதபோது, நள்ளிரவில் மனம் கேட்கும் 'இன்னும் ஒன்று' கிடைக்காமலே போகும். தீர்மானத்தையும் முதல் குவளைக்கு முன்பே எடுத்தாக வேண்டும். இரண்டாவது குவளைக்குப் பின் எடுக்கும் தீர்மானம் மதுவின் தீர்மானம்.

நண்பர்கள் கூடும் இடங்களில்தான் அளவு அதிகம் மீறப்படுகிறது. பதவி உயர்வு, குழந்தை பிறப்பு, புது வண்டி என எதற்கும் 'செலவு' கேட்பது மலையாள நட்பின் உரிமை; தமிழ்நாட்டில் அதற்கு 'ட்ரீட்' என்று பெயர். ஆளுக்கொரு சுற்று வாங்குவது என்று ஆரம்பித்தால், நான்கு பேர் இருந்தால் நான்கு சுற்று உறுதி. வேகத்தை நிர்ணயிப்பவர் அவர்களில் மிக வேகமாகக் குடிப்பவர். தனக்குரியதைத் தானே வாங்கிக்கொள்வது, ஒரு குவளை மதுவுக்குப் பின் ஒரு குவளை தண்ணீர், தொட்டுக்கொள்ள ஊறுகாய்க்குப் பதில் முறையான சாப்பாடு: இவை சிறிய காரியங்கள்தான். உப்பும் காரமும் தாகத்தைத் தூண்டி அடுத்த குவளைக்கு அழைக்கும் என்பதை மதுக்கூடக்காரர்கள் நன்கு அறிவர். 'மருந்து சாப்பிடுகிறேன்', 'வண்டி ஓட்டணும்' போன்ற காரணங்களை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பதில் வெட்கம் ஏதுமில்லை.

வண்டி ஓட்டுவது குறித்து மட்டும் நெகிழ்வுக்கு இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 70 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் விரைவாகக் குடித்தால் இரண்டே ஸ்மால் அந்த எல்லையைத் தாண்டவைக்கும். எடை குறைந்தவருக்கும் பெண்களுக்கும் அதைவிடக் குறைவே போதும். எலுமிச்சைச் சாறோ கருங்காப்பியோ இரத்தத்தில் இருப்பதைக் குறைக்காது. நேரம் ஒன்றே குறைக்கும்.

திடீரென நிறுத்தக் கூடாதவர்கள்

மேற்சொன்ன வழிகள் எல்லோருக்குமானவை அல்ல. கருவுற்ற பெண்கள், கல்லீரல் நோயாளிகள், தூக்க மாத்திரையோ வலிப்பு மருந்தோ எடுத்துக்கொள்வோர் ஆகியோருக்குக் குறைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, தவிர்ப்பதே வழி. இதற்கு நேர்மாறான ஆபத்தில் இருப்பவர்களும் உண்டு. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மிகுதியாகக் குடித்து, காலையில் கை நடுக்கத்தைத் தணிக்கவே முதல் மடக்கு தேவைப்படும் நிலைக்கு வந்தவர்கள் அவர்கள். மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் அவர்கள் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே கேடாகலாம். நிறுத்திய சில மணி நேரத்தில் வியர்வையும் நடுக்கமும், முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் நினைவு தடுமாறி இல்லாதது கண்ணில் தெரியும் கடும் மனக்குழப்பமும் வரக்கூடும். 'நாலு நாள் அறையில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும்' என்று குடும்பத்தார் நினைப்பது எவ்வளவு அபாயம் என்பதை இதில் இருந்து உணரலாம்.

2020-ஆம் ஆண்டுப் பொதுமுடக்கம் இதை மாநிலம் முழுவதற்கும் பாடமாக்கியது. மார்ச் இறுதியில் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. அடுத்த சில நாள்களில் மது கிடைக்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகள் வந்தன. பதற்றமடைந்த அரசு, மருத்துவர் சான்று அளித்தால் மது வழங்கலாம் என்று மார்ச் 30 அன்று ஆணையிட்டது. மது நோய்க்கு மருந்தல்ல என்று மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. நாடாளுமன்ற உறுப்பினர் டி.என். பிரதாபன் உள்ளிட்டோர் வழக்குத் தொடுக்க, ஏப்ரல் 2 அன்று கேரள உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்திவைத்தது. மே மாத இறுதியில் 'பெவ்கியூ' என்ற கைப்பேசிச் செயலி மூலம் வரிசை எண் வழங்கிக் கடைகள் திறக்கப்பட்டன. அந்த இரண்டு மாதங்களில் அரசு சரியாகச் செய்திருக்க வேண்டியது, மதுவுக்கான சீட்டு அல்ல. மது நிறுத்த அறிகுறிகளைத் தணிக்கும் மருந்தும் தயமின் ஊசியும் கிடைக்கும் படுக்கைகளைக் கூட்டுவது. மருத்துவர்கள் சொன்னதும் அதுவே.

அந்த அமைப்பு இப்போது ஓரளவு உருவாகியுள்ளது. விமுக்தி திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் போதை மீட்பு மையம் செயல்படுகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்துக்கான மையம் நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில் உள்ளது. 14405 என்ற எண்ணில் விமுக்தி ஆலோசனையும், நாடெங்கும் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் மனநல ஆலோசனையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

கேட்கப்படாத இரண்டாவது கேள்வி

ஆனால் மீட்பு மையம் என்பது ஆற்றின் கடைசி மடை. அடிமை நிலைக்கு இன்னும் போகாத, வாரக் கடைசியில் குவார்ட்டரும் அரையும் முடிக்கும் பெருங்கூட்டம் அங்கே வருவதில்லை. அவர்கள் வேறு காரணத்துக்காக மருத்துவமனைக்கு வருகிறார்கள்: இரத்த அழுத்தம், வயிற்று எரிச்சல், விழுந்து கை முறிந்தது. அங்கே யாராவது கேட்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று உண்டு. எத்தனை நாளுக்கு ஒரு முறை, ஒரு நாளில் எத்தனை அலகு, ஆறு அலகும் அதற்கு மேலும் எவ்வளவு அடிக்கடி என்பவையே அதன் முதல் மூன்று கேள்விகள். நிரப்பச் சில நிமிடங்கள் போதும்; எட்டும் அதற்கு மேலும் மதிப்பெண் வந்தால் அபாயக் குடி. இந்தியாவில் 30 வயதுக்கு மேற்பட்டோரை வீடு தேடிச் சென்று ஆஷா பணியாளர்கள் நிரப்பும் தேசிய மதிப்பீட்டுப் படிவத்திலோ மது பற்றிய கேள்வி இவ்வளவுதான்: தினமும் மது அருந்துகிறீர்களா? சனிக்கிழமைதோறும் 12 அலகு குடிப்பவர் 'இல்லை' என்று நேர்மையாகவே பதில் சொல்லித் தப்பிவிடலாம். எவ்வளவு என்ற இரண்டாவது கேள்வி அங்கே இல்லை.

கேட்டால் பயன் உண்டா? கோவாவில் 'சங்கத்' என்ற அமைப்பு பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்திய ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வெளியானது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள், தீங்கான அளவில் குடித்த 377 ஆண்களில் ஒரு பகுதியினரைச் சில முறை சந்தித்துப் பேசினர். அதிகபட்சம் நான்கு அமர்வுகள். மூன்று மாதங்களுக்குப் பின் ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் அபாய நிலையில் இருந்து மீண்டிருந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 26 விழுக்காட்டினர். முந்தைய இரு வாரங்களில் மதுவைத் தொடாதவர்கள் முறையே 42, 18 விழுக்காட்டினர். அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. தொடர்ந்து குடித்தவர்களிடையே, குடித்த அளவில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது பேச்சுக்கு இணங்கியவர்களில் பலருக்குக் குறைப்பதைவிட விட்டுவிடுவதே எளிதாக இருந்திருக்கிறது. குறைக்க முயன்று இரண்டு மூன்று மாதம் தோற்றவர், தன் மன உறுதியை நொந்துகொள்வதைவிட, தனக்கு ஏற்ற வழி முழுவதும் விடுவதுதானோ என்று ஆலோசகரிடம் கேட்பது நல்லது.

கேரளத்தில் இதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆர்த்திரம் திட்டத்தில் மேம்படுத்தப்பட்ட குடும்ப சுகாதார மையங்களில், மனச்சோர்வைக் கண்டறிய 'ஆஸ்வாசம்' என்ற சிறு மருத்துவப் பிரிவு இயங்குகிறது. அதே செவிலியர், அதே மேசை. கூடுதலாக மூன்று கேள்விகள்.

விலையை ஏற்றினால் போதாதா என்று கேட்கலாம். ஸ்காட்லாந்து 2018 மே 1 முதல் மதுவின் ஒவ்வோர் அலகுக்கும் குறைந்தபட்ச விலை நிர்ணயித்தது. மதுவால் நேரடியாக ஏற்படும் இறப்புகள் 13.4 விழுக்காடு குறைந்ததாக 2023-இல் லான்செட் ஆய்வு மதிப்பிட்டது. அங்கே குறிவைக்கப்பட்டது மலிவான, வலுவான மது. கேரளத்தில் வரி ஏற்கெனவே உச்சத்தில் உள்ளது. இதற்கு மேல் ஏற்றினால் கூலித் தொழிலாளி குறைப்பது குவளையையா, குழந்தையின் பள்ளிச் செலவையா என்ற கேள்வி எழும். 31 பேரைப் பலிகொண்ட 2000-ஆம் ஆண்டு கல்லுவாதுக்கல் விஷச் சாராயச் சம்பவமும், 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளக்குறிச்சிச் சம்பவமும் விலை விவாதத்தின் பின்னணியில் எப்போதும் நிற்கின்றன. தவிர, பெவ்கோவின் ஆண்டு விற்பனை 19,000 கோடி ரூபாயைத் தாண்டி, அதில் பெரும்பகுதி வரியாகக் கருவூலம் சேரும் நிலையில், அளவு குறைய வேண்டும் என்று கலால் துறை விரும்பினாலும் நிதித் துறை விரும்புமா என்பது திறந்த கேள்வியே.

இதற்கிடையே பெவ்கோ வேறொரு காரணத்துக்காகப் பாட்டிலில் கை வைத்தது. 2025 செப்டம்பர் 10 முதல் திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டங்களின் 20 கடைகளில், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் முன்வைப்பாகப் பெற்று, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்பி அளிக்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது. டாஸ்மாக் நீலகிரியில் தொடங்கிய முறையின் மறுபதிப்பு இது. நோக்கம் குப்பையைக் குறைப்பது. ஒவ்வொரு பாட்டிலிலும் அடையாளத்துக்காக ஓர் ஒட்டுத்தாள் ஒட்டப்படுகிறது. வாங்குபவர் 20 ரூபாய்க்காக அதைக் கிழியாமல் பாதுகாக்கிறார். அந்தத் தாளில் 180 மில்லி பாட்டிலுக்கு 6, ஸ்ட்ராங் பீருக்கு 4, லிட்டர் ரம்முக்கு 34 என்று அலகுகளின் எண்ணிக்கையையும் அச்சிடுவதற்குப் புதிய சட்டமோ, அமைச்சரவை விவாதமோ, கடை மூடலோ தேவைப்படாது.